குயவனின் கையும் குடத்தின் குற்றமும்

உலகிலே தீமை எவ்வாறு வந்தது என்ற வினா மதங்கள் யாவற்றுக்கும் பொதுவானது. ஆயின் அவ்வினா எல்லா மதங்களையும் ஒரே அளவில் வருத்துவதில்லை. ஒளிக்கும் இருளுக்கும் தனித்தனித் தலைவர்களை வகுத்த மானியின் சமயம், தீமை முழுவதையும் இருளின் கணக்கிலே எழுதிவிட்டு நிம்மதியடைந்தது. உலகுக்குக் கர்த்தா ஒருவன் இல்லையென்று கூறிய பௌத்தருக்கும் சமணருக்கும் இவ்வழக்கிலே பிரதிவாதியே கிடையாது. எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர், எல்லையற்ற அன்புடையவர் என்ற மூன்று இலக்கணங்களையும் ஒரே கடவுளுக்குச் சூட்டி, அவரே ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்தார் என்று கொண்ட சமயங்களுக்கே இது தப்பிக்க முடியாத வினாவாயிற்று. அவற்றுள்ளும், மனிதன் பாவத்தோடு பிறக்கிறான் என்ற கோட்பாட்டையும், அப்பாவத்துக்கு முடிவற்ற தண்டனை உண்டு என்ற கோட்பாட்டையும் மேலதிகமாகச் சேர்த்துக்கொண்ட கிறிஸ்தவத்துக்கு இச்சங்கடம் இரட்டிப்பாயிற்று.

வேலையற்ற வேதாந்திகளின் விவகாரமன்றோ இது, சமூகப் பிரச்சினைகளை ஆராயும் ஏட்டிலே இதற்கென்ன இடம் என்று சிலர் கேட்கலாம். வயலிலும் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நடைபெறும் அநீதி, வெறும் தடியினாலும் துப்பாக்கியினாலும் மட்டும் நிலைபெறுவதில்லை. "இது உன் குற்றத்தின் பயன்" என்று துன்பப்படுபவனையே நம்பவைக்கும் கருத்துக்களும் அதற்குத் துணை நிற்கின்றன. அத்தகைய கருத்துக்களுள் ஐரோப்பிய வரலாற்றிலே மிக நீண்டகாலம் ஆட்சி செலுத்தியது, பிறவிப் பாவம் என்னும் கோட்பாடு. ஆகவே அதன் தருக்கத்தையும் அது வெற்றி பெற்ற வரலாற்றையும் ஆராய்வது நமது கடமையாகும். கிறிஸ்தவ மக்களின் பத்தியையோ அவர்களது தொண்டையோ இழித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. சமயங்களை வழக்குமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கும் மரபு தமிழுக்குப் புதியதுமன்று. மணிமேகலையும் நீலகேசியும் அம்மரபின் சான்றுகளே.

ஆதியாகமத்தின் கதையை அறியாதார் இலர். தோட்டத்தின் நடுவே மரத்தை நாட்டியவர் கடவுள். அதன் கனியை உண்ணலாகாது என்று விதித்தவரும் அவரே. ஏவாளை மயக்கிய சர்ப்பமும் அவர் படைத்த சீவராசிகளுள் ஒன்றே. கனியை உண்டபின்னரே நன்மை தீமை அறியும் அறிவு மனிதனுக்கு வந்தது என்று கதையே கூறுகின்றது. அங்ஙனமாயின், உண்பதற்கு முன்னர் நன்மை தீமை அறியாதிருந்த ஒருவனை, கட்டளையை மீறுதல் தீது என்று அறிந்திருக்க வேண்டியவனாகக் கருதித் தண்டிப்பது எந்த நீதி? இதனைக்கூட ஒருபுறம் வைப்போம். மனிதன் அக்கனியை உண்பான் என்பதைக் கடவுள் முன்னரே அறிந்திருந்தாரா? அறியவில்லையெனின் அவர் எல்லாம் அறிந்தவர் அல்லர். அறிந்திருந்தாரெனின், அம்மனிதனையும் அம்மரத்தையும் அச்சர்ப்பத்தையும் ஓரிடத்திலே சேர்த்துவைத்தது எதற்காக?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் அகுஸ்தீன். இன்றைய அல்ஜீரியாவின் பகுதியாகிய தகஸ்தேயில் 354 ஆம் ஆண்டு பிறந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானியின் சமயத்தைப் பின்பற்றி, பின்னர் கிறிஸ்தவராகி, ஹிப்போ நகரின் ஆயராக விளங்கிய பேரறிஞர் அவர். தன்னிச்சையைப் பற்றி 388 ஆம் ஆண்டளவில் அவர் எழுதத் தொடங்கிய நூலின் மூன்றாம் பகுதியிலே ஒரு சாதுரியமான விடை உண்டு. நடந்தவற்றை நாம் நினைவில் வைத்திருப்பதனால் அவை நடக்கும்படி நாம் வற்புறுத்தியவர்களாகோம். அதுபோலவே, நடக்கப்போவதைக் கடவுள் அறிந்திருப்பதனால் அது நடக்கும்படி அவர் வற்புறுத்தியவராகார் என்பது அவருடைய வாதம்.

இவ்வாதத்திலே ஓர் உண்மை உண்டு. அறிவு வேறு, காரணம் வேறு. மாணவன் ஒருவன் பரீட்சையிலே தோற்பான் என்று முன்கூட்டியே கணித்துவிட்ட ஆசிரியர், அவனைத் தோற்கச் செய்தவராகமாட்டார். இதை எவரும் ஒப்புவர். ஆனால் அம்மாணவனின் மூளையைச் சமைத்தவரும், வினாத்தாளை இயற்றியவரும், சித்திப் புள்ளியை விதித்தவரும், தோற்றவனுக்கு முடிவில்லாத சிறை என்று சட்டம் வகுத்தவரும் அந்த ஆசிரியர் ஒருவரே என்றால் என் செய்வது? தோற்பான் என்பதைத் திட்டமாக அறிந்த பின்னரே அவனைப் படைத்தார் என்றும் சேர்த்துக்கொண்டால், "எனக்குத் தெரியும், ஆனால் நான் செய்யவில்லை" என்று அவர் கைகழுவ முடியுமா? அகுஸ்தீனின் உவமை, பார்வையாளனுக்குப் பொருந்துமேயன்றிப் படைப்பாளனுக்குப் பொருந்தாது. நினைவு என்பது நமக்கு வெளியே நடந்து முடிந்ததைப் பற்றியது. படைப்போ எதை இருக்கச் செய்வது, எதை இல்லாதிருக்கச் செய்வது என்ற தீர்மானம்.

பின்வந்தோர் இவ்விடையைச் செப்பனிட முயன்றனர். 524 ஆம் ஆண்டளவிலே தியோடரிக் மன்னனின் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த பொயேதியஸ், கடவுளுக்கு முன்னும் பின்னும் இல்லை என்றார். காலத்துக்கு அப்பால் நிற்கும் கடவுள், மலையுச்சியில் நிற்பவன் கீழே பாதை முழுவதையும் ஒருசேரக் காண்பதுபோல, முக்காலத்தையும் ஒரே நிகழ்காலமாகக் காண்கிறார். ஆகவே அது முன்னறிவே அன்று, வெறும் காட்சியே என்பது அவர் துணிபு. அநீதியாகச் சாகப்போகும் ஒருவர் சிறைக்குள்ளிருந்து செய்த இச்சிந்தனையை மதிக்காமலிருக்க முடியாது. எனினும் மலையுச்சியில் நிற்பவன் கீழேயுள்ள பாதையை வெட்டியவன் அல்லன். பாதையிலே பள்ளத்தைத் தோண்டியவனும் அல்லன். மறுபடியும் படைப்பாளன் பார்வையாளனாக மாற்றப்படுகிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தோமஸ் அக்குவைனாஸ், கடவுளின் அறிவு நமது அறிவைப் போன்றதன்று, அவரது சித்தத்தோடு சேர்ந்து அதுவே பொருள்களுக்குக் காரணமாகின்றது என்று எழுதினார். அதாவது, அகுஸ்தீன் பிரித்துவைத்த அறிவையும் காரணத்தையும், திருச்சபையின் தலைசிறந்த தத்துவாசிரியரே மீண்டும் சேர்த்துவிட்டார்.

இந்நிலையிலே எஞ்சுவது தன்னிச்சை என்னும் அரண். மனிதனைப் பொம்மையாகப் படைக்க விரும்பாத கடவுள், அவனுக்குச் சுதந்திரம் அளித்தார். சுதந்திரம் இருக்குமிடத்தே தீமைக்கும் இடம் இருக்கத்தானே வேண்டும் என்பர். கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. ஆயின் இதே சமயம், மோட்சத்தை அடைந்த ஆன்மாக்கள் சுதந்திரமுடையன, ஆனால் பாவம் செய்ய இயலாதன என்றும் போதிக்கின்றது. பாவம் செய்ய இயலாமையே உயர்ந்த சுதந்திரம் என்று அகுஸ்தீனே தமது "கடவுளின் நகரம்" என்ற நூலின் இறுதியிலே எழுதுகிறார். கடவுளும் பாவம் செய்ய இயலாதவரே. அவரைப் பொம்மை என்று எவரும் கூறுவதில்லை. பாவத்துக்கு இடமில்லாத சுதந்திரம் மோட்சத்திலே சாத்தியமெனின், தோட்டத்திலே ஏன் சாத்தியமாகவில்லை?

இன்னொன்றும் உண்டு. பிறவிப் பாவக் கோட்பாடு தன்னிச்சை வாதத்தின் வேரையே அறுக்கின்றது. ஆதாமுக்குப் பின் பிறந்தோர் அனைவரும் சிதைந்த சித்தத்துடனேயே பிறக்கின்றனர் என்று கூறிய பின்னர், அவர்களுடைய பாவத்துக்கு அவர்களது சுதந்திரமே காரணம் என்று கூறுவது எங்ஙனம்? கால் ஒடிந்தவனாகப் பிறப்பித்துவிட்டு, ஓடாததற்குத் தண்டிப்பது போன்றதன்றோ இது?

1588 இல் லூயிஸ் டி மொலினா என்னும் ஸ்பானிய இயேசு சபைக் குரவர் மேலும் நுணுக்கமான ஒரு வழியைக் கண்டார். எந்த மனிதன் எந்தச் சூழ்நிலையிலே சுதந்திரமாக எதனைச் செய்வான் என்பதையெல்லாம், படைப்பதற்கு முன்னரே கடவுள் அறிவார் என்றார். தொமினிக்க சபையினர் சீறியெழுந்தனர். 1598 தொடக்கம் 1607 வரை ரோமாபுரியிலே விசாரணை நடந்தது. ஈற்றிலே பாப்பரசர் ஐந்தாம் பவுல் தீர்ப்பு எதுவும் கூறாது, ஒருவரையொருவர் பழிக்கவேண்டாம் என்று கூறி இரு சாராரையும் அனுப்பிவைத்தார். தீர்ப்புக் கூற இயலாமற் போனதில் வியப்பில்லை. மொலினாவின் விடை குற்றச்சாட்டை நீக்கவில்லை; கூர்மையாக்கியது. எந்தச் சூழலில் ஒருவன் வீழ்வான், எந்தச் சூழலில் நிமிர்ந்து நிற்பான் என்பதை அறிந்தும், வீழும் சூழலையே தேர்ந்து அவனை அங்கே நிறுத்துபவரை நாம் என்னவென்று அழைப்பது? ஒரு நடனக் கூட்டத்துக்குச் சென்றால் தன் புதல்வியர் கெட்டுப்போவர் என்பதை நிச்சயமாக அறிந்த தாய், அவர்களுக்கு அறிவுரை கூறியும் எச்சரித்தும் அங்கே அனுப்பிவைத்தால், அவளை அன்புள்ள தாய் என்பார் எவர் என்று பியர் பெயில் 1697 இல் வெளியிட்ட தமது அகராதியிலே கேட்டார். அவரது கேள்வி இன்றும் நிற்கின்றது.

பழியைச் சாத்தானின் தலையிலே போடுவோரும் உளர். ஆனால் சாத்தானும் படைக்கப்பட்ட தேவதூதனே. பரிசுத்தனாகப் படைக்கப்பட்டவனுள் தீய சித்தம் எங்கிருந்து புகுந்தது? மயக்குவதற்கு அவனுக்கு முன் வேறொரு சாத்தான் இருக்கவில்லை. அகுஸ்தீன் இவ்விடத்தே நேர்மையாகத் திகைத்து நிற்கிறார். தீய சித்தத்துக்குக் காரணத்தைத் தேடுவது, இருளைக் கண்ணால் காணவும் மௌனத்தைக் காதால் கேட்கவும் விழைவது போன்றது என்கிறார். அழகிய உவமைதான். எனினும் உவமையின் அழகை நீக்கிவிட்டால், எஞ்சுவது "விடையில்லை" என்பதேயாகும். விடையில்லாத கோட்பாடு ஒன்று கருணையோடு அடங்கியிருக்கலாம். இக்கோட்பாடோ பிறந்த குழந்தைக்கும் தீர்ப்பு எழுதியது.

இவர்கள் எல்லோரிலும் பார்க்க ஜெனீவாவின் கல்வின் ஒளிவுமறைவின்றிப் பேசினார். ஆதாமின் வீழ்ச்சியைக் கடவுள் முன்னறிந்தது மட்டுமன்று, தமது தீர்மானத்தாலேயே அதனை ஏற்படுத்தினார் என்று, 1559 இல் வெளியான தமது பெருநூலின் இறுதிப் பதிப்பிலே அவர் எழுதினார். அத்தீர்மானம் நடுங்கவைப்பது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். கடவுள் சித்தங்கொண்டார் என்பதற்கும் அனுமதித்தார் என்பதற்கும் இடையே வேறுபாடு காட்டித் தப்புவோரை அவர் ஏளனம் செய்தார். குயவன் தன் களிமண்ணிலே ஒரு பாத்திரத்தைக் கனத்துக்கும் மற்றொன்றைக் கனவீனத்துக்கும் வனையலாகாதா என்று பவுல் உரோமருக்கு எழுதிய உவமையே அவருக்குப் பிரமாணம். ஆம், குயவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் கனவீனமாக வனைந்த குடத்தைக் கனவீனமாக இருந்ததற்காகச் சூளையிலே என்றென்றும் எரித்துக்கொண்டிருக்கும் குயவனை, எந்த ஊரிலும் நீதிமான் என்று கூறமாட்டார்கள்.

இத்தனை ஓட்டைகளை உடைய கோட்பாடு எவ்வாறு வென்றது? தருக்கத்தின் பலத்தால் வெல்லாத ஒன்று வேறொரு பலத்தால் வென்றிருக்க வேண்டும். அப்பலத்தை வரலாற்றிலேதான் தேட வேண்டும்.

410 ஆம் ஆண்டு அலாரிக்கின் கொதிக் படைகள் ரோமாபுரியைச் சூறையாடின. அங்கே வாழ்ந்த பெலாஜியஸ் என்னும் பிரித்தானியத் துறவி ஆபிரிக்காவுக்கும் பின் பலஸ்தீனத்துக்கும் சென்றார். மனிதன் குற்றத்தோடு பிறப்பதில்லை; ஆதாம் தீய முன்மாதிரியேயன்றி நோயைப் பரப்பிய மூதாதையல்லன்; கடவுள் ஒன்றைச் செய் என்று கட்டளையிட்டால் அதைச் செய்யும் ஆற்றலும் மனிதனுக்கு உண்டு என்பன அவருடைய போதனைகள். அவரைச் சார்ந்தோர் வட்டத்திலிருந்து செல்வத்தைப் பற்றிய ஒரு நூலும் எழுந்தது. எழுதியவரின் பெயர் தெரியாத அந்நூல், சிலர் அளவுக்கு மிஞ்சி வைத்திருப்பதனாலேயே பலர் வறியோராயினர் என்றும், செல்வர் இல்லையெனில் வறியவரும் இலர் என்றும் வாதித்தது. செல்வர் தம் உடைமைகளைக் கைவிட்டாலன்றி மோட்சம் புகார் என்ற போதனை சிசிலித் தீவிலே பரவியதைக் கண்டு, சிராக்கூசிலிருந்து ஹிலாரியஸ் என்பவர் அகுஸ்தீனுக்குக் கடிதம் எழுதினார். அகுஸ்தீன் தமது நீண்ட பதிலிலே பிறவிப் பாவத்தையும் நிலைநாட்டினார். செல்வரின் உடைமைக்கும் பாதுகாப்பளித்தார். ஒரே கடிதத்தில் இவ்விரண்டும் வந்தமை கவனிக்கத்தக்கது.

415 இல் பலஸ்தீனத்து ஆயர்களின் மன்றம் ஒன்று பெலாஜியஸைக் குற்றமற்றவர் என்றது. 418 இல் இருநூறுக்கு மேற்பட்ட ஆபிரிக்க ஆயர்கள் கார்த்தேஜிலே கூடி அவருடைய போதனைகளைக் கண்டித்தனர். அதற்கு முந்திய நாளிலேயே, ஏப்ரல் 30 ஆம் திகதி, சக்கரவர்த்தி ஹொனோரியஸ் பெலாஜியஸை நாடுகடத்தும் ஆணையைப் பிறப்பித்துவிட்டார். முதலிலே தயங்கிய பாப்பரசர் சொசிமஸும் அவ்வாண்டே வழிக்கு வந்தார். அரசவையின் மனத்தை மாற்றுதற்கு எண்பது குதிரைகள் அனுப்பப்பட்டன என்று எக்லானத்து ஆயர் ஜூலியன் பின்னர் குற்றஞ்சாட்டினார். அகுஸ்தீன் அதனை அவதூறு என்றார். குதிரைகள் போயினவோ இல்லையோ, சக்கரவர்த்தியின் ஆணை போனது என்பதில் ஐயமில்லை. ஆதிபாவம் பற்றிய வாதத்தின் இறுதிச் சொல், தருக்க நூலிலன்று, அரச சாசனத்திலே எழுதப்பட்டது.

அகுஸ்தீன் பெரிதும் நம்பிய வேதவசனமொன்றின் நிலையும் இத்தகையதே. உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்திலே, எல்லோரும் பாவஞ் செய்தமையினால் மரணம் எல்லோரையும் சூழ்ந்தது என்ற கருத்துடையதாகக் கிரேக்க மூலத்தை அறிஞர் பொருள் கொள்வர். அகுஸ்தீன் பயன்படுத்திய இலத்தீன் மொழிபெயர்ப்போ, அந்த ஒருவனுள்ளே எல்லோரும் பாவஞ் செய்தனர் என்று பொருள் கொள்ள இடந்தந்தது. கிரேக்க மொழியிலேயே வேதத்தைப் படித்த கீழைத் திருச்சபைகள், ஆதாமின் குற்றம் பரம்பரையாக வருகிறது என்ற போதனையை ஏற்கவில்லை. அதே ஆதியாகமத்தைத் தம் வேதமாகக் கொண்ட யூதரும் அதிலிருந்து அப்படியொரு கோட்பாட்டைப் பெறவில்லை. மொழிபெயர்ப்பின் ஓர் இடைச்சொல் எத்தனை தலைமுறைகளின் தலைவிதியாயிற்று என்பதை மொழி கற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேரரசுக்கு இக்கோட்பாடு ஏன் இனித்தது? "கடவுளின் நகரம்" பத்தொன்பதாம் பகுதியிலே விடை உண்டு. இயற்கையிலே எவரும் அடிமையாகப் படைக்கப்படவில்லை என்று அகுஸ்தீன் ஒப்புகிறார். ஆயினும் அடிமைத்தனத்தின் முதற் காரணம் பாவமே, அது கடவுளின் நீதியான தண்டனை என்று தொடர்கிறார். அடிமை தன் எசமானுக்கு மனமுவந்து பணிசெய்ய வேண்டும் என்று முடிக்கிறார். அடிமையின் முதுகிலே விழும் சவுக்கு எசமானின் கையிலிருந்து விழுகிறது என்பது கண்ணால் காணும் உண்மை. அதைக் கண்ணால் காணாத ஒரு தோட்டத்தில், பெயர் மட்டும் அறிந்த ஒரு மூதாதை தின்ற கனியின் பயனாக மாற்றிவிட்டால், எசமான் தப்பித்துக்கொள்கிறான். முன்னறிவுச் சிக்கலிலே கடவுளைக் காப்பாற்றுதற்காக வகுக்கப்பட்ட வாதம், நிலத்திலே உடைமையாளனைக் காப்பாற்றும் வாதமாயிற்று.

இதனாலே துன்புற்றோர் அடிமைகள் மட்டுமல்லர். ஞானஸ்நானம் பெறாது இறந்த சிசுக்களுக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக இலேசானது என்று அகுஸ்தீன் கூறினார். பின்வந்தோர் அவர்களுக்கென நரகத்தின் ஓரத்திலே ஒரு தனியிடம் வகுத்தனர். அத்தகைய சிசுக்களுக்கும் மீட்பு உண்டென நம்ப இடமுண்டு என்று வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு 2007 இல் அறிக்கை வெளியிட்டது. நல்லதே. ஆனால் கார்த்தேஜுக்கும் இவ்வறிக்கைக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அத்தனை காலமும் தம் சிசுக்களைப் புதைத்த தாய்மார் அழுத கண்ணீருக்கு எந்த அறிக்கை பதில் கூறும்?

சீர்திருத்தச் சபைகளிலும் இதே கதைதான். 1610 இல் ஆர்மீனியஸின் சீடர்கள், கடவுளின் தெரிவு மனிதனின் விசுவாசத்தை முன்னறிந்ததன் அடிப்படையிலானது என்று ஒல்லாந்தின் அரசினரிடம் மனுக் கொடுத்தனர். டோர்ட் நகரிலே 1618, 1619 ஆம் ஆண்டுகளில் கூடிய மன்றம் அவர்களைக் கண்டித்தது. கடவுள் பாவத்துக்குக் கர்த்தா என்பது தேவதூஷணம் என்று ஒருபுறம் கூறிக்கொண்டே, இன்னார் மீட்படைவர், இன்னார் கைவிடப்படுவர் என்பது உலகத் தோற்றத்துக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டது என்று மறுபுறம் நிலைநாட்டியது. ஏறத்தாழ 200 போதகர்கள் பதவியிழந்தனர். அவர்களுக்கு ஆதரவளித்த முதுபெரும் அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ற்றின் தலை 1619 மே 13 ஆம் திகதி வெட்டப்பட்டது. இறையியலும் அரசியற் பகையும் அந்த மேடையிலே கைகோத்து நின்றன.

அந்த டோர்ட் மன்றத்தின் திருச்சபைதான் 1658 இல் ஒல்லாந்தக் கம்பனியோடு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. உலகம் உண்டாகுமுன்னரே தெரிவு முடிந்துவிட்டது என்று நம்பிய அச்சபையின் ஆட்சியிலே, உத்தியோகம் பெறுதற்கு ஞானஸ்நானம் வேண்டியதாயிற்று. நம்மவர் பலர் தேவாலய ஏட்டிலே பெயர் எழுதுவித்து, வீட்டிலே விபூதி தரித்தனர். 1707 இல் கம்பனி தேசவழமைச் சட்டத்தை எழுத்திலே தொகுப்பித்தபோது, அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதிலே இடம்பெற்றன. மனிதர் யாவரும் ஆதாமின் பாவத்திலே சமம் என்று போதித்த சபை, அச்சமத்துவத்தை அடிமையின் குடிசைவரை கொண்டுவரவில்லை. ஆண்டவனும் அடிமையும் பாவத்தில் சமம், பூமியில் சமமல்லர் என்பதே அதன் நடைமுறைப் பொருளாயிற்று. 1873 ஆகஸ்ட் மாதத்திலே பாணந்துறையில் நடைபெற்ற பெருவிவாதத்தில் குணானந்த தேரர், எல்லாம் அறிந்த கடவுள் மனிதனைப் படைத்ததற்காகப் பின்னர் மனஸ்தாபப்பட்டார் என்று வேதமே கூறுவது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்டார். ஏட்டுச் சிக்கல்களாக இருந்தவை, அந்நிய ஆட்சியின் கீழிருந்த மக்களின் சுயமரியாதைக் கேள்விகளாக அன்று ஒலித்தன.

1755 நவம்பர் முதலாந் திகதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, லிஸ்பன் நகரைப் பூகம்பம் தகர்த்தது. நிரம்பியிருந்த தேவாலயங்கள் வழிபட்டோர் மீதே இடிந்து வீழ்ந்தன. அடுத்த ஆண்டிலே மலாகிரிதா என்ற குரவர், இது மக்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையே, இயற்கைக் காரணம் தேடுவது வீண் என்று துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். லைப்னிற்ஸ் 1710 இல் கடவுளின் நீதியை நிலைநாட்ட எழுதிய பெருநூலின் கருத்துக்களை வோல்த்தேர் 1759 இல் "கான்டீட்" கதையிலே நகையாடினார். அந்தக் குரல் அத்துடன் ஓயவில்லை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்து இத்தீவில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றபோதும், பாவம் என்றும் கர்மவினை என்றும் விளக்கம் கூறியோர் எல்லாச் சமயங்களிலும் இருந்தனர். முன்னெச்சரிக்கை ஏற்பாடு ஏன் இருக்கவில்லை, கரையோரத்துக் குடிசைகளில் வாழ்ந்தோர் யார் என்ற கேள்விகளை அவ்விளக்கம் மூடிமறைத்தது.

இதனைப் படித்துச் சைவம் வென்றது என்று எவரும் கைதட்ட வேண்டாம். ஆன்மாவும் ஆணவமலமும் அநாதி, கடவுள் அவற்றைப் படைக்கவில்லை என்று கூறிச் சைவ சித்தாந்தம் படைப்பின் பழியிலிருந்து இறைவனை விடுவிக்கின்றது. தருக்கத்திலே அது திறமையான விடைதான். ஆனால் அதே மரபு, முற்பிறப்பின் வினையென்று கூறி, ஒடுக்கப்பட்டவனின் இழிவை அவன் தலையிலேயே எழுதிவிடுகிறது. 1968 இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலே தடுத்து நிறுத்தப்பட்டோரைத் தடுத்தது எந்த வினை? தேவாலயத்துள்ளே சாதிக்கொரு இடம் வகுத்தது எந்த ஆதாம்? ஆதாமின் கனியும் முற்பிறப்பின் வினையும் தத்துவத்திலே வேறானவை, தொழிலிலே ஒன்றே. இரண்டும் கண்முன்னே நிற்கும் குற்றவாளியைக் காணாதபடி செய்கின்றன. இரந்துதான் உயிர்வாழ வேண்டுமெனின் உலகை இயற்றியவன் கெடட்டும் என்ற கருத்தை இரவச்சம் அதிகாரத்திலே வைத்த வள்ளுவர், இரப்பவனிடம் குற்றம் தேடவில்லை. தமிழிலே நாம் பேண வேண்டிய மரபு அதுவே.

கிறிஸ்தவத்தின் உள்ளிருந்தே இதனை உணர்ந்தோர் எழுந்துள்ளனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. 1968 இல் மெடலின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள், சமூக அநீதியையே பாவ நிலைமை என்றனர். 1971 இல் வெளியான குஸ்தாவோ குத்தியேரஸின் விடுதலை இறையியல் நூல் அக்கருத்தை உலகறியச் செய்தது. நமது நாட்டிலே, அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார், 1990 இல் வெளியிட்ட "மரியாளும் மனித விடுதலையும்" என்ற நூலிலே மரபுவழி வந்த ஆதிபாவக் கோட்பாட்டைக் கேள்விக்குள்ளாக்கினார். பல சமயத்தவர் வாழும் ஆசியாவிலே, பெரும்பான்மையோரைப் பிறவியிலேயே கடவுளிடமிருந்து பிரிந்தோராக்கும் போதனை எவ்வாறு நற்செய்தியாகும் என்பது அவரைத் தூண்டிய கேள்வி. கர்தினால் ரட்சிங்கரின் தலைமையிலிருந்த விசுவாசக் கோட்பாட்டுச் சபை 1997 ஜனவரியில் அவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கியது. உலகெங்குமிருந்து கண்டனம் எழுந்தது. 1998 ஜனவரியில் தண்டனை நீக்கப்பட்டது. ஏழைகளுக்காக உழைத்து எழுபது வயதைக் கடந்த ஒரு குருவானவரைப் புறந்தள்ளுதற்கு, 418 இல் அரச ஆணையோடு வென்ற அதே கோட்பாடு மீண்டும் பயன்பட்டது. 2013 இல் காலமான அவ்வடிகளார் கேட்ட கேள்வி காலமாகவில்லை.

பாவம் என்ற சொல்லை முற்றாக எறிந்துவிட வேண்டும் என்பது நம் வாதமன்று. உலகிலே தீமை உண்டு. அது பரம்பரையாகவும் வருகின்றது. ஆனால் அது இரத்தத்தின் வழியே வருவதில்லை. நில உறுதியின் வழியே வருகின்றது. கடன் பத்திரத்தின் வழியே, சாதியின் வழியே, ஆயுதம் ஏந்திய அரசின் வழியே வருகின்றது. அதற்குத் தொடக்கம் உண்டு. அத்தொடக்கத்தை மனிதரின் வரலாற்றிலே தேடிக் காணலாம். மனிதர் தொடக்கியதை மனிதர் முடிக்கவும் முடியும். கடவுளை நம்புவோர் தம் கடவுளை இப்பழியிலிருந்து காப்பாற்ற உண்மையாகவே விரும்பினால், பிறந்த குழந்தையின் மீது சுமத்தியுள்ள குற்றப்பத்திரத்தை முதலில் கிழிக்கட்டும். நம்பாத நாமும் அவர்களும் அதன்பின் ஒரே வரிசையில் நின்று, அக்குழந்தையின் பங்கு உணவைப் பறித்தவர் யார் என்று கேட்போம்.